எஞ்சினை இறக்கும் முன்

மீட்டரில் நான்கு லட்சம் கிலோமீட்டரைப் பார்த்தவுடன் "எஞ்சினை இறக்கி வேலை பார்த்துவிடுங்கள்" என்று சொல்பவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஓடிய தூரம் ஒரு தகவல், அவ்வளவுதான். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பக்கத்துப் பள்ளிக்கூடம் வரை போய் நிறுத்தி, மாலையில் மறுபடி அதையே செய்யும் காரில் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடுகிறது. ஆயில் சூடேறுவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுவதால் உள்ளே சேர்ந்த ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. அப்படி ஒரு லட்சம் ஓடிய எஞ்சினைவிட, நெடுஞ்சாலையில் ஒரே சீராக நான்கு லட்சம் ஓடிய எஞ்சின் நல்ல நிலையில் இருப்பதை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நம் குடும்பங்களின் கார்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஜொகனஸ்பர்க்கில் வேலை, டர்பனில் வீடு. கல்யாணம், கருமாதி, தைப்பூசக் காவடி என்று எதற்கும் என்3 நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் மட்டும் 570 கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். மீட்டரில் எண் கூடத்தான் செய்யும். அந்த எண்ணை மட்டும் பார்த்து எஞ்சினுக்குத் தண்டனை கொடுப்பது நியாயம் இல்லை.

இதை எழுதத் தூண்டியது என் மாமனாரின் கார். 1998 மாடல் டொயோட்டா கரோலா, 1.6 லிட்டர், 4ஏ-எஃப்இ எஞ்சின், மீட்டரில் நான்கு லட்சத்துக்கு மேல். டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டனில் இருக்கும் தொழிற்சாலையில் உருவான வண்டி. அவர் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வைத்து ஓட்டியது. கண் பார்வை குறைந்த பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுவதை நிறுத்திவிட்டார். விற்க மனம் வரவில்லை, எங்களிடம் கொடுத்தார். ஜொகனஸ்பர்க் பக்கம் நாங்கள் இருக்கும் லெனேசியாவுக்குக் கொண்டுவந்து ஓட்டத் தொடங்கியதும் மூன்று குறைகள் தெரிந்தன. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் லேசாக உதறியது. மேட்டில் இழுவை போதவில்லை. ஆயில் கொஞ்சம் குறைந்தது.

இங்கே ஒரு பட்டறையில் காட்டினோம். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பார்த்தார்கள். ஒரு தாளில் நான்கு எண்கள் எழுதிக் கொடுத்தார்கள்: 10.3, 10.1, 8.2, 10.2. எல்லாம் பார் என்ற அழுத்த அளவுக் கணக்கு. "புது எஞ்சினுக்கு 13க்கு மேல் வர வேண்டும். உங்களுடையது எல்லாமே தேய்ந்துவிட்டது. போர் அடித்து, அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட வேண்டும், இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள்" என்றார்கள். செலவுக் கணக்கு காரின் விலையையே தாண்டியது. என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அப்பாவின் வண்டி அல்லவா.

அந்த நான்கு எண்களும் சரியானவை. அவற்றைப் படித்த விதத்தில்தான் கோளாறு. கையேட்டில் இருக்கும் கம்ப்ரஷன் அளவுகள் கடல் மட்டத்துக்கு உரியவை. டர்பனில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஜொகனஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அது 83 அளவில்தான் நிற்கிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றே ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்துவிடுகிறது என்றால், அதை அழுத்திய பிறகு வரும் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். டர்பனில் 12.5 காட்டும் சிலிண்டர் இங்கே 10.25 காட்டும். எஞ்சின் அதேதான், காற்றுதான் வேறு.

ஆகவே பட்டறை கொடுத்த எண்களை 0.82ஆல் (83ஐ 101ஆல் வகுத்தால் வருவது) வகுத்தேன். 12.6, 12.3, 10.0, 12.4 என்று வந்தது. இந்த எஞ்சினுக்கு டொயோட்டாவின் கையேடு புது நிலையில் 1,320 கிலோபாஸ்கல், அதாவது 13.2 பார் என்கிறது. கீழ் எல்லை 981 கிலோபாஸ்கல், அதாவது 9.8 பார். நான்கு லட்சத்தைத் தாண்டிய எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் 12க்கு மேல் நிற்கின்றன என்றால் அது குறை சொல்லக்கூடிய எஞ்சினே இல்லை, பாராட்ட வேண்டிய எஞ்சின். கீழ் எல்லையையும் இங்குள்ள காற்றுக்கு மாற்றினால் 8 பார்தான் வரும். மூன்றாவது சிலிண்டர்கூட அதற்கு ஒரு முடி மேலே நிற்கிறது.

ஆனால் அதே கையேடு இன்னொன்றும் சொல்கிறது: சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 98 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 1 பார். எங்கள் வண்டியில் அது 2 பாருக்கு மேல். கம்ப்ரஷன் தாளை யார் கையில் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். கேஜ் ஒன்றுக்கொன்று மாறும், ஊரின் உயரம் மாறும், பாட்டரி பலவீனமாக இருந்தால் எல்லாமே குறையும். இவை நான்கு சிலிண்டரையும் ஒன்றுபோலப் பாதிக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கீழே இறங்கினால் அதற்கு அந்தச் சிலிண்டருக்குள்ளேயே காரணம் இருக்கிறது. நான்கு லட்சம் கிலோமீட்டரை நான்கு சிலிண்டர்களும் சேர்ந்துதான் ஓடின. தேய்மானம் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தின்னாது.

கம்ப்ரஷன் பார்ப்பதற்கும் முறை உண்டு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும். பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை சுற்ற வேண்டும். மிதிக்காமல் சுற்றினால் காற்று உள்ளே போக வழியில்லை, எண் பொய் சொல்லும். முதல் சுற்றில் முள் எவ்வளவு துள்ளியது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த சிலிண்டர் முதலில் தயங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

பட்டறையின் தாளோடு நின்றுவிடாமல் வீட்டில் நானே மறுபடி பார்த்தேன். அதே எண்கள். பிறகு மூன்றாவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்த்தேன். ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் கசிவு இருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து கேஜ் காட்டும் அளவை நன்றாகத் தூக்கிவிடும். ஏறவே இல்லை. ரிங் காரணம் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்திருப்பேன். இங்கே ஒன்றுதான்.

அடுத்தது கசிவுச் சோதனை. என்னைக் கேட்டால், எஞ்சினை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இதைவிட நேர்மையான சோதனை இல்லை. ஜொகனஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஊரின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடிய நிலையில், பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸரிலிருந்து காற்றை உள்ளே செலுத்துகிறோம். ஒரு கேஜ் உள்ளே போகும் அழுத்தத்தைக் காட்டும், மற்றொன்று உள்ளே தங்கும் அழுத்தத்தைக் காட்டும். எத்தனை சதவீதம் தப்பிக்கிறது என்பதே கணக்கு. பத்தைச் சுற்றி இருந்தால் நல்ல எஞ்சின், இருபதுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும், முப்பதைத் தாண்டினால் பிரித்தே ஆக வேண்டும்.

எண்ணைவிட முக்கியம் காது. தப்பிக்கும் காற்று எங்கிருந்து சீறுகிறது என்று கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே சீறல் கேட்கிறதா? அது ரிங். சைலன்ஸர் குழாயில் கேட்கிறதா? எக்ஸாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது குமிழி வந்தால் கேஸ்கெட் போய்விட்டது அல்லது ஹெட்டில் வெடிப்பு. எஞ்சினைத் திறக்காமலேயே எந்த இடத்தில் நோய் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சோதனையைப் பல பட்டறைகள் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அரை மணி நேர வேலை. அதைத் தவிர்த்துவிட்டு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைச் செலவழிக்கச் சொல்கிறார்கள்.

எங்கள் வண்டியில் நான்கு சிலிண்டரிலும் கசிவு பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. எங்கும் பெரிய சீறல் இல்லை. அதாவது மூன்றாவது சிலிண்டர் காற்றை நன்றாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அதை அழுத்தும்போது மட்டும் மற்றவற்றைப்போல் அழுத்துவதில்லை. கசிவு இல்லை, அழுத்தமும் இல்லை. தேய்மானம் என்ற ஒரே சொல்லால் இதை விளக்க முடியாது.

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வால்வுகள் திறக்கும் நேரத்தைக் காக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவியிருக்கலாம், ஆனால் அது நான்கு சிலிண்டரையும் கெடுத்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் அந்தச் சிலிண்டருக்கான மேடு தேய்ந்து, வால்வு போதுமான அளவு திறக்காமல் இருக்கலாம். அல்லது பிஸ்டன் மேலே போக வேண்டிய உயரத்துக்குப் போகவில்லை. கேம் மேடுகளை வால்வு மூடியைக் கழற்றிவிட்டு வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். எல்லாம் ஒரே உயரம். மிச்சம் இருந்தது மூன்றாவது காரணம்.

அந்த நிலையில்தான் காரை டர்பனுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். சாட்ஸ்வர்த்தில் எங்கள் மாமனாரின் தெருவிலேயே வீட்டோடு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறது. எழுபதைத் தாண்டியவர். நான் எழுதி வைத்திருந்த எண்களை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, இந்த வண்டி எப்போதாவது தண்ணீருக்குள் நின்றதா?"

பதில் சொன்னது என் மாமியார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நின்றது. அந்த மாதம் 11, 12 தேதிகளில் குவாசூலு-நட்டாலில் கொட்டிய மழையை இங்குள்ளவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இந்த வண்டி பிறந்த பிராஸ்பெக்டன் தொழிற்சாலையே தண்ணீரில் மூழ்கி மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. என் மச்சான் இசிப்பிங்கோ பக்கத்திலிருந்து வீடு திரும்பும்போது சாலையில் ஓடிய தண்ணீரில் எஞ்சின் அடங்கிவிட்டது. பிறகு பிளக்குகளைக் கழற்றி, உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிக் கிளப்பினார்கள். கிளம்பியது. உயிர் தப்பிய வீட்டில் யாரும் பிறகு காரைப் பற்றி நினைக்கவில்லை.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் பிஸ்டன் மேலே வந்தால், எங்கேயாவது ஏதாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது பிஸ்டனையும் கீழே சுழலும் அச்சான கிராங்கையும் இணைக்கும் ராடு. வேகமாகப் போகும்போது நடந்தால் ராடு உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். மெதுவாகப் போகும்போது நடந்தால் லேசாக வளையும். வளைந்த ராடு குட்டையாகிவிடும். பிஸ்டன் முழு உயரம் ஏறாது. மேலே பெட்ரோல் எரியும் அறை பெரிதாகிவிடும், அழுத்த விகிதம் குறைந்துவிடும். ரிங்கும் வால்வும் ஒழுங்காக இருப்பதால் கசிவு மட்டும் இருக்காது.

மாமா எடுத்தது ஒரு பித்தளைக் கம்பி. ஏறத்தாழ அடுப்பு ஊதுகுழல் நீளம், பென்சிலைவிட மெல்லியது. பித்தளை மென்மையானது, பிஸ்டன் தலையைக் கீறாது. இந்த எஞ்சினில் பிளக் துளைகள் இரண்டு கேம்களுக்கும் நடுவே மேலிருந்து இறங்குவதால் கம்பி பிஸ்டன் தலைமேல் போய் உட்காரும். முதல் சிலிண்டரில் கம்பியை இறக்கினார். நான் கிராங்கின் முன் நட்டில் ஸ்பேனர் போட்டு மெல்லச் சுற்றினேன். கம்பி மேலே வந்தது, ஒரு கணம் நின்றது, இறங்கத் தொடங்கியது. சற்றுப் பின்னுக்குத் திருப்பி, நின்ற அந்த உச்சியில் நிறுத்தச் சொன்னார். துளையின் விளிம்பு இருக்கும் இடத்தில் கம்பியில் கத்தி முனையால் ஒரு மெல்லிய கோடு. இரண்டாவது சிலிண்டரிலும் அதே கோடு. நான்காவதிலும் அதே கோடு, நகம் வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. மூன்றாவதில் கோடு துளைக்குள் போய்விட்டது. விளிம்பில் புதிய கோடு போட்டுக் கம்பியை வெளியே எடுத்தார். இரண்டு கோடுகளுக்கும் இடையே வெர்னியர் 2 மில்லிமீட்டர் காட்டியது.

அங்கேயே கணக்குப் போட்டேன். இந்த எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 81 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 77 மி.மீ., அழுத்த விகிதம் 9.5. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 397 கன சென்டிமீட்டர், அப்படியானால் மேலே எரியும் அறை சுமார் 47. பிஸ்டன் 2 மி.மீ. குறைவாக ஏறினால் அறை 57 ஆகிவிடும், விகிதம் 8க்கு இறங்கிவிடும். மற்ற மூன்றும் 12.4 காட்டும்போது இது 10 காட்டுகிறது. கம்ப்ரஷன் கேஜ் சொன்னதும் பித்தளைக் கம்பி சொன்னதும் ஒரே கதை. உதறலுக்கும் இழுவைக் குறைவுக்கும் இதுவே காரணம். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இப்போது எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. வளைந்த ராடோடு ஓட்டினால் பேரிங் ஒரு பக்கமாகத் தின்னப்படும், ஒருநாள் ராடு அறுந்துகூடப் போகலாம். ஆனால் பிரிப்பது வேறு, முழுவதும் புதுப்பிப்பது வேறு. ஹெட்டைக் கழற்றி, கீழே ஆயில் தொட்டியை இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்த பிறகுதான் போர் அடிக்கலாமா, கிராங்கைக் கடைய வேண்டுமா என்ற கேள்விக்கே போக வேண்டும். முன்கூட்டியே 0.50 பிஸ்டன் செட்டை, அதாவது அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களை, வாங்கி வைத்துவிட்டு எஞ்சினைத் திறப்பவர்களை நான் நம்ப மாட்டேன்.

திறந்தபோது சிலிண்டர் சுவர்களில் தொழிற்சாலையில் போட்ட குறுக்கு வரிகள் பெரும்பகுதி இன்னும் தெரிந்தன. ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே, கிராங்கின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்தோம். எந்த இடத்திலும் 0.05 மி.மீ.க்கு மேல் தேய்மானம் இல்லை. போர் அடிக்கத் தேவையே இல்லை. பேரிங் உட்காரும் கிராங்க் கழுத்துகளில் நகம் வைத்துத் தடவினாலும் கீறல் தட்டுப்படவில்லை. பேரிங் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜால் பார்த்தோம். பச்சை நிற மெழுகு இழை ஒன்றைக் கழுத்தின்மேல் வைத்து, பேரிங் மூடியைச் சரியான முறுக்கில் இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய இழையின் அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். எல்லாம் எல்லைக்குள்.

மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்ததும் மாமா அதை என் கையில் கொடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பிஸ்டனின் கீழ்ச் சுவரான பாவாடைப் பகுதியில் ஒரு பக்கம் தேய்ந்த தடம் ராடோடு பிணைக்கும் பிஸ்டன் ஊசிக்கு மேலேயும், எதிர்ப் பக்கம் அந்த ஊசிக்குக் கீழேயும் இருந்தது. சாய்வாக. ராடு வளைந்து பிஸ்டனைச் சாய்த்துத் தள்ளியதன் கையெழுத்து அது. மற்ற மூன்றிலும் தடம் நேராக, நடுவில்.

செய்த வேலை இவ்வளவுதான்: அதே எஞ்சின் ரகத்திலிருந்து கழற்றிய நேரான ராடும் பிஸ்டனும் ஒன்றாக, எடை ஒத்துப்பார்த்து. ராடின் கீழ் மூடியை அதன் ஜோடியிலிருந்து பிரித்து வேறொன்றோடு மாட்டக் கூடாது, இரண்டையும் சேர்த்துத்தான் கடைந்திருப்பார்கள். நான்கு ராடுகளுக்கும் புதுப் பேரிங். சுவர்களை லேசாக ஹோன் செய்து, அதாவது உரசிச் சொரசொரப்பாக்கி, அதே அளவில் புது ரிங். வால்வு தண்டு சீல்கள், ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப். போர் இல்லை, கிராங்க் கடைசல் இல்லை.

எப்போதும் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு வேலை தேவைப்படும் எஞ்சின்களும் உண்டு, அவற்றைத் தள்ளிப்போடுவது ஆபத்து. எனக்கு முதல் அறிகுறி ஆயில் அழுத்தம். டாஷ்போர்டு விளக்கை நம்பக் கூடாது, அது எரியும்போது காலம் கடந்திருக்கும். விளக்கின் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் தனிக் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். இந்த டொயோட்டாவுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 245 முதல் 490 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும். சரியான ஆயில் இருந்தும், பம்ப் நன்றாக இருந்தும், அதற்குக் கீழே கிடந்தால் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. கெட்டியான ஆயிலை ஊற்றி அந்த எண்ணைத் தூக்குவது நோயை மறைக்கும், தீர்க்காது. கார் விற்பவர்கள் சிலர் இதைச் செய்கிறார்கள், வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சத்தம். வால்வு தட்டல் மெல்லியது, வேகமானது, மேலிருந்து வரும். குளிரில் கேட்டுச் சூடேறினால் அடங்கும் தட்டல் பெரும்பாலும் பிஸ்டன் சுவரில் மோதுவது, அதோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். சூடேறிய பிறகும் பாரம் ஏறும்போது அடியிலிருந்து கனமாக இடிக்கும் சத்தம், ஒரு பிளக்கின் இணைப்பைக் கழற்றினால் குறைந்தால், அது அந்தச் சிலிண்டரின் ராடு பேரிங். உடனே நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. ஜொகனஸ்பர்க்கில் 93 ஆக்டேன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு வான் ரீனன் கணவாய் இறங்கிக் கடற்கரைக்குப் போனால், அடர்ந்த காற்றில் எஞ்சின் மேட்டில் கிலுகிலுக்கும். அது பெட்ரோல் தாங்காத சத்தம். 95 நிரப்பினால் அடங்கிவிடும். அதற்காக எஞ்சினை இறக்கியவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஆயில் குடிப்பது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது பல நிறுவனங்கள் ஏற்கும் எல்லை. அதைத் தாண்டினாலும் உடனே ரிங்கைப் பழிக்க வேண்டாம். எஞ்சின் அடியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பொருள் அது. காலையில் கிளப்பியதும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறைந்தால் வால்வு சீல், ஹெட்டை இறக்காமலேயே மாற்ற வழி உண்டு. மேட்டில் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்து வந்து, கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் குறைந்து, ஆயில் விட்டதும் அது நன்றாக ஏறினால், அந்த எஞ்சின் தேய்ந்துவிட்டது. அதற்கு முழு வேலைதான் மருந்து.

ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய எஞ்சின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். விலை குறைவு, ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அது எவ்வளவு ஓடியது, ஒருமுறையாவது சூடேறியதா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் எஞ்சினின் குறையையாவது நீங்கள் அறிவீர்கள். மாட்டுவதற்கு முன் அதிலும் கசிவுச் சோதனை செய்ய விற்பவர் ஒப்புக்கொண்டால் மட்டும் யோசியுங்கள். எஞ்சின் எண் பதிவுச் சான்றில் இருப்பதால், மாற்றினால் காவல்துறையின் அனுமதிச் சான்று பெற்றுப் பதிவையும் திருத்த வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பவர்களால் பிறகு காரை விற்கும்போது அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செலவைக் காரின் சந்தை விலையோடு ஒப்பிடுவதும் சரியான கணக்கு இல்லை. அந்தப் பணத்துக்கு வேறு எந்தக் கார் கிடைக்கும், அதன் கதை யாருக்குத் தெரியும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். துருப்பிடிக்காத உடம்பும் நல்ல கியர் பாக்ஸும் உள்ள, குடும்பமே அறிந்த காருக்கு எஞ்சின் வேலை பார்ப்பதில் தவறில்லை.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை நினைவில் வையுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் செலவு போனால் உங்கள் ஒப்புதல் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, உங்களிடம் திருப்பித் தர வேண்டும். போட்ட புது பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. பழைய பேரிங்கையும் ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்பதை அவையே காட்டிவிடும்.

கரோலா இப்போது லெனேசியாவில் ஓடுகிறது. டர்பனில் வேலை முடிந்து ரிங் பழகிய பிறகு நான்கு சிலிண்டரும் 12.6க்கும் 12.9க்கும் இடையில் நின்றன. இங்கே வந்து அதே கேஜால் பார்த்தபோது 10.4, 10.5, 10.4, 10.6. உதறல் இல்லை. ஆயில் எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரே சமதளத்தில் நிறுத்திக் குச்சியை எடுத்துப் பார்த்துக் குறித்து வருகிறேன். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் என்ற எல்லையை அது நெருங்கினால், பிசிவியையும் சீல்களையும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் ஹெட்டை இறக்கிச் சிலிண்டர்களை மறுபடி அளந்து, அன்று 0.50 பிஸ்டன் வாங்குவேன்.